குழந்தை ஓர் உயிர்மெய்

நம் முன்னோர் வழங்கிய பழமொழிகள் சில வேளைகளில் ஒன்றையொன்று மறுத்து நிற்கும். 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்பது ஒன்று. 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது மற்றொன்று. முன்னது பிறப்பின்மீது பாரத்தை ஏற்றுகிறது. பின்னது வளர்ப்பின்மீது ஏற்றுகிறது. நம் வீட்டுப் பெரியவர்களோ இவ்விரண்டையும் ஒரே நாளில், ஒரே பிள்ளையைக் குறித்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கி வந்தால் 'யாருடைய பேரன்!' என்பார்கள். அதே பிள்ளை அண்டை வீட்டுச் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றால் 'உம்மா வளர்த்த இலட்சணம்' என்பார்கள். புகழ் பிறப்புக்கும் பழி வளர்ப்புக்கும் போய்ச் சேர்கிறது. அந்தப் பழியும் பெரும்பாலும் தாய்மாரின் வாசலிலேயே இறங்குகிறது.

இதனைப் பட்டிமன்றத்துக்கு ஏற்ற பொருள் என்று மட்டும் கருதிவிடுதல் ஆகாது. திருமண வீடொன்றில் நாம் கண்ட காட்சி ஒன்றைக் கூறுகிறோம். மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. விரித்த பாயை மிதித்தான். சஹனில் கைவிட்டுச் சோற்றைக் கலைத்தான். தூக்கிய கைகளினின்றும் வழுவி மீண்டும் ஓடினான். அவனுடைய தாய் இளம்பெண். அவள் முகம் வெளிறி அவன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தோர் அவள் காதுபடவே பேசினர். அவளுக்குக் கண்டிக்கத் தெரியவில்லை என்றார் ஒருவர். அளவுக்கு மீறிக் கண்டிப்பதால்தான் இப்படி என்றார் மற்றொருவர். இரு தீர்ப்புகளுக்கும் குற்றவாளி ஒருத்தியே. இனி, ஆதரவற்ற குழந்தை ஒன்றை வளர்ப்பதற்கு ஏற்க எவரேனும் முன்வந்தால், 'யார் பெற்றதோ, எந்த இரத்தமோ' என்று தடுப்பவர்களும் நம்மிடையே உள்ளனர். அங்கே தீர்ப்புக்கு உள்ளாவது குழந்தை. வித்தா வளர்ப்பா என்னும் வினாவுக்கு நாம் கூறும் விடையால் துன்புறுவோர் இத்தகையோரே ஆதலின், விடையைச் சற்று நிதானமாகத் தேடுதல் நம் கடனாகிறது.

தமிழ் கற்பிப்பவர்க்கு எதைப் பார்த்தாலும் இலக்கணம் நினைவுக்கு வருவது ஒரு நோய் போலும். இங்கும் அதுவே வருகிறது. 'க' என்னும் எழுத்தில் மெய் எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று முதலாண்டு மாணவரைக் கேட்டால், மெய்க்கு அரை மாத்திரை, உயிர்க்கு ஒரு மாத்திரை என்று விரைந்து விடை கூறுவார். அவ்வாறாயின் 'க' ஒன்றரை மாத்திரை ஒலிக்க வேண்டுமன்றோ? ஒலிப்பதில்லை. ஒரு மாத்திரையே ஒலிக்கிறது. கூட்டற்கணக்கு அங்கே செல்லாது. மெய்யில்லையேல் அது 'அ'. உயிரில்லையேல் 'க்' எனத் தொண்டையில் நின்றுவிடும் ஓசை. இரண்டும் சேர்ந்தபின் ஒன்றை மட்டும் உருவியெடுத்து இது இவ்வளவு என்று அளந்து காட்ட இயலாது. குழந்தையின் நடத்தையில் மரபணுவும் பெற்றோர் வளர்ப்பும் கலந்திருக்கும் முறைக்கு இதைவிடப் பொருந்தும் உவமை நமக்குத் தோன்றவில்லை.

நம் சமயச் சான்றோர் இதனை எங்ஙனம் நோக்கினர் என்பதும் கருதத்தக்கது. புகாரி நபிமொழித் தொகுப்பில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. கிராமத்து அரபியர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கரிய நிறக் குழந்தை ஒன்றைப் பெற்றிருப்பதாக ஐயத்துடன் முறையிடுகிறார். உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, அவற்றின் நிறம் யாது என நாயகம் (ஸல்) அவர்கள் வினவுகின்றார்கள். செந்நிறம் என்கிறார் வந்தவர். அவற்றுள் சாம்பல் நிறத்தவை இல்லையா என மீண்டும் வினவ, உண்டு என்கிறார். அவை எங்கிருந்து வந்தன என்று கேட்க, பழைய வேர் ஏதேனும் இழுத்திருக்கக் கூடும் என அவரே விடையளிக்கிறார். உம் குழந்தையும் அவ்வாறே இருக்கலாமன்றோ என்பதாக அவ்வுரையாடல் முடிகிறது. பெற்றோரிடம் வெளிப்படாத கூறு தலைமுறை தாண்டிப் பிள்ளையிடம் வெளிப்படலாம் என்னும் செய்தி அந்த எளிய வினாக்களுள் அடங்கியிருக்கிறது. நாம் அதனினும் முதன்மையாகக் கருதுவது, அவ்வினாக்கள் ஒரு தாயின்மீது விழவிருந்த பழியைத் துடைத்தன என்பதையே. அதே தொகுப்பில், ஒவ்வொரு குழந்தையும் தூய இயற்கையிலேயே பிறக்கிறது, பெற்றோரே அதனைப் பின்னர் ஒரு வழியில் ஆக்குகின்றனர் என்னும் கருத்துடைய நபிமொழியும் உள்ளது. ஒன்று வித்தைக் கூறுகிறது. மற்றொன்று வளர்ப்பைக் கூறுகிறது. ஆன்றோர் எவரும் இவற்றை முரணாகக் கொண்டதில்லை.

ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் மனிதரின் குணத்தை மாற்ற இயலுமா என்னும் வினாவை எழுப்பிக்கொண்டு விடை தேடுகிறார்கள். அங்கே அவர்கள் எடுத்துக்காட்டுவது பேரீச்சங் கொட்டை. கொட்டை பேரீச்ச மரமும் அன்று, ஆப்பிள் மரமும் அன்று. உரிய முறையில் பேணினால் அது பேரீச்சமரமாகும். எத்துணைப் பேணினும் ஆப்பிள் மரம் ஆகாது. பேணாது விட்டாலோ எதுவும் ஆகாமல் கொட்டையாகவே கிடக்கும். சினம் முதலிய இயற்கை உணர்ச்சிகளை வேரோடு களைய இயலாது என்றும், பயிற்சியால் அவற்றை நெறிப்படுத்த இயலும் என்றும் அவர்கள் தெளிவுபடுத்துகிறார்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைத் தரும் மருத்துவர் பலரைக் கொன்றுவிடுவார்; பயிற்றுவிப்பவரும் ஆளறிந்து பயிற்றல் வேண்டும் என்பதும் அவர்களுடைய கருத்து. மரபணு என்னும் சொல்லே பிறவாத காலத்தில் எழுதப்பட்டவை இவை.

பிற்காலத்து மேலைநாட்டு அறிஞர் சிலர் இந்த நிதானத்தை இழந்தனர் என்றே கூறத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் மேதைமை குடும்பவழி இறங்குவது எனக் காட்ட 1869இல் நூலெழுதினார். நல்ல வித்தைப் பெருக்கவும் தீய வித்தைத் தடுக்கவும் ஓர் இயலே வேண்டும் என 1883இல் அதற்குப் பெயரும் சூட்டினார். அந்த விதை பிறநாடுகளில் முளைத்து அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களாயிற்று. 1927இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் அத்தகைய சட்டமொன்றை ஏற்றது. 1933இல் இட்லரின் செருமனி இயற்றிய சட்டத்தின் விளைவை உலகறியும். இதற்கு மறுகோடியில் நின்றவர் அமெரிக்க உளவியலார் ஜான் வாட்சன். குழந்தை எப்படியும் வனையத்தக்க களிமண் என்பது அவர் கொள்கை. 1928இல் அவர் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளைகளைக் கட்டியணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மார்க்கு அறிவுரை பகர்ந்தது! பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் என ஒரு பருவத்தையே வகுத்துக்கொண்ட மொழியினராகிய நாம், அந்நூலைப் படித்த அமெரிக்கத் தாய்மார்க்காக இரங்கத்தான் வேண்டும்.

களிமண் கொள்கையின் கொடிய விளைவு சில பத்தாண்டுகள் கழித்து வெளிப்பட்டது. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்தை 1943இல் லியோ கேனர் என்னும் மருத்துவர் விவரித்தார். அதன்பின், தாயின் அன்பு உறைந்து போனமையே அதற்குக் காரணம் என்னும் கருத்துப் பரவியது. புரூனோ பெட்டல்கைம் 1967இல் எழுதிய நூல் அதற்கு வலுவூட்டியது. ஏற்கெனவே நொந்திருந்த ஆயிரமாயிரம் தாய்மார் தம் பிள்ளையின் நிலைக்குத் தாமே காரணம் என நம்பி வெந்தனர். 1977இல் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே மதியிறுக்கம் இருந்தது. இரு கருவினின்று தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. மரபின் பங்கு வலிது என்பது அன்று புலனாயிற்று. மரபணு ஆராய்ச்சி என்றாலே குழந்தையை விதியின் கையில் ஒப்படைப்பது என நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். தாய்மாரைக் குற்றக்கூண்டினின்று இறக்கி விட்டதும் அந்த ஆராய்ச்சிதான்.

இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகள் இன்று பெருகிவிட்டன. ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகள் அனைத்தையும் ஒருங்கே தொகுத்து 2015இல் வெளிவந்த கட்டுரையொன்று, 1.4 கோடிக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகளைப் பற்றிய கணக்கினின்று, மனிதரின் உடல், உள்ளக் கூறுகளில் காணும் வேறுபாட்டுக்கு மரபின் பங்கு சராசரியாக 49 விழுக்காடு எனக் கண்டது. இவ்வெண்ணைக் கேட்டதும் 'பாதி வித்து, பாதி வளர்ப்பு' எனத் தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். அங்கேதான் உயிர்மெய்யை நினைவிற் கொள்ளல் வேண்டும். இந்த விழுக்காடு ஒரு மக்கட்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஒரு குழந்தையைப் பற்றியது அன்று. உங்கள் மகனின் முன்கோபத்தில் பாதி அவன் பாட்டனாரிடமிருந்தும் மறுபாதி உங்களிடமிருந்தும் வந்தது என்று அதற்குப் பொருளில்லை.

அவ்வாறாயின் இரண்டும் கலக்கும் வகைதான் என்னை? இதற்கு நமக்கு மிகவும் நிறைவளித்த விடை, நியூயார்க் நகரின் மனநல மருத்துவத் தம்பதியர் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் ஆகியோருடையது. அவர்கள் 1956இல் தொடங்கி, நூற்று முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்தினின்று பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினர். பசியும் உறக்கமும் நேரம் தவறாமல் வருகின்றனவா, புதிய உணவைக் கண்டால் வாய் திறக்கிறதா மூடுகிறதா, அழுகை உரத்ததா மெல்லியதா என ஒன்பது கூறுகளைக் குறித்துக்கொண்டனர். பிறந்த சில திங்களுக்குள்ளேயே, வளர்ப்பு என ஒன்று பெரிதாக நிகழும் முன்னரே, குழந்தைகள் வேறுவேறாக இருந்தன. நூற்றுக்கு 40 குழந்தைகள் எளிதில் இணங்குவன. 10 குழந்தைகள் எதற்கும் முரண்டு பிடிப்பன. 15 குழந்தைகள் தயங்கித் தயங்கி மெல்ல நெருங்குவன. எஞ்சியவை இம்மூன்றனுள் ஒன்றிலும் முழுமையாக அடங்காதவை.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது மற்றொரு வகைப்பாடாகவே முடிந்திருக்கும். அவர்கள் மேலும் கண்டது வேறு. முரண்டு பிடிக்கும் குழந்தை பின்னாளில் தொல்லைக்கு உள்ளாகிறதா இல்லையா என்பது அதன் இயல்பை மட்டும் பொறுத்ததாக இல்லை; பெற்றோரின் எதிர்பார்ப்பும் வளர்ப்பு முறையும் அவ்வியல்போடு இசைந்தனவா என்பதைப் பொறுத்ததாக இருந்தது. இதனை அவர்கள் 'பொருத்தம்' என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தனர். திருமணத்திற்குக் குடும்பப் பொருத்தமும் மனப்பொருத்தமும் பார்ப்பதில் நாம் வல்லவர்கள். பெற்றோர்க்கும் பிள்ளைக்கும் இடையே அத்தகைய பொருத்தம் ஒன்று உண்டு என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மெல்ல நெருங்கும் இயல்புடைய பெண் குழந்தை, சலாம் சொல்லு, கை கொடு, பாட்டுப் பாடு என உறவினர் முன் நிறுத்தி வற்புறுத்தும் வீட்டில் பிறந்தால், அவள் அடமுடையவள் எனப் பெயரெடுப்பாள். அதே குழந்தை, கதவருகே சற்று நேரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க விடும் வீட்டில் பிறந்தால், அடக்கமானவள் எனப் பெயரெடுப்பாள். அவளுடைய மரபணுவில் மாற்றம் ஏதுமில்லை.

நல்ல இயல்பு, தீய இயல்பு என நாம் பிரிப்பதும் இடத்துக்கு இடம் மாறும். கிழக்காப்பிரிக்காவின் மாசாய் மக்களிடையே மார்ட்டன் டி வ்ரீஸ் என்னும் ஆய்வாளர், எளிதில் இணங்கும் குழந்தைகளையும் முரண்டு பிடிக்கும் குழந்தைகளையும் தெரிந்தெடுத்துக் குறித்துக்கொண்டார். 1970களின் கடும் வறட்சிக்குப்பின் மீண்டும் சென்று தேடியபோது, அவரால் கண்டறிய முடிந்த எளிய குழந்தைகள் எழுவருள் ஐவர் இறந்திருந்தனர். முரண்டு பிடித்த அறுவருள் இறந்தது ஒருவரே. எண்ணிக்கை மிகச் சிறிது. அதைக்கொண்டு சட்டம் வகுக்க இயலாது. ஆயினும் பால் அரிதான நிலத்தில், ஓயாமல் உரத்து அழுத குழந்தைக்கே தாயின் மார்பு கிடைத்திருக்கும் என எண்ணிப் பார்க்கையில், திருமண வீட்டில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனை வேறு கண்ணால் நோக்கத் தோன்றுகிறது.

இன்னுமொரு நுட்பம் உண்டு. வளர்ப்பு என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளையை நோக்கி மட்டும் பாய்கிற ஓடை எனக் கருதுகிறோம். நம் இல்லத்திலேயே இரு பிள்ளைகள். மூத்தவள் எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதல் அரைமணி நேரம் தன் உம்மாவின் துப்பட்டிக்குள்ளிருந்து வெளிவராதவள். இளையவன் அந்த வீட்டு அடுப்பங்கரை வரை சென்று என்ன சமையல் எனக் கேட்டு வருபவன். இருவரிடமும் பேசும்போது நம் குரலே இரு வேறாக ஒலிக்கிறது. மகளிடம் தாழ்கிறது, மகனிடம் உயர்கிறது. அக்குரல்களை நாம் தெரிந்தெடுக்கவில்லை. பிள்ளைகளே நம்மிடமிருந்து வரவழைத்துக்கொண்டனர். இது நம் வீட்டுச் செய்தி மட்டுமன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1970களில் தொடங்கிய தத்துப்பிள்ளைகள் ஆய்வின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையொன்று இதனை உறுதி செய்தது. பெற்ற தாயின் வழியாக அடங்காமைக்குரிய மரபுக் கூற்றினைப் பெற்றிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு, அவர்களைப் பற்றி எதுவும் எண்ணாது தத்தெடுத்த பெற்றோரிடமிருந்து, கடிந்துரையும் கண்டிப்பும் மிகுதியாகக் கிடைத்திருந்தன. பிள்ளையின் இயல்பு கண்டிப்பை வரவழைக்கிறது. கண்டிப்பு அவ்வியல்பைக் கூர்மைப்படுத்துகிறது. இச்சுழலில் தொடக்கம் எது, முடிவு எது என எவரால் கூற இயலும்? ஆனால் சுழலை நிறுத்த வல்லவர் இருவருள் ஒருவரே. மூன்று வயதுக் குழந்தையிடம் அதனை எதிர்பார்த்தல் ஆகாது.

வித்தும் வளர்ப்பும் வேறொரு வகையிலும் பின்னிக் கிடக்கின்றன. பெற்ற வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டையும் தருபவர் ஒருவரே. நூலார்வம் மிக்க வாப்பா தம் மரபணுவையும் தருகிறார், வீடு நிறைய நூல்களையும் அடுக்கி வைக்கிறார். பிள்ளை படித்தால் எதனால் படித்தது என்பது? ஐஸ்லாந்து நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு செய்யப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு பெற்றோரும் தம் மரபணுக்களில் பாதியையே பிள்ளைக்குத் தருகின்றனர். மறுபாதி பிள்ளையிடம் வந்து சேர்வதில்லை. அவ்வாறு வந்து சேராத பாதியும் பிள்ளையின் கல்வி அளவோடு தொடர்புற்றிருந்தது! உடலுக்குள் புகாத மரபணு எங்ஙனம் பிள்ளையை உருவாக்கும்? பெற்றோரின் இயல்பை உருவாக்கி, அவ்வியல்பால் வீட்டின் சூழலை உருவாக்கி, அச்சூழலின் வழியாகத்தான். வித்தே வளர்ப்பாக மாறி வந்து சேர்கிறது எனலாம்.

மரபு என்றால் மாற்ற முடியாதது என்னும் எண்ணத்தைப் போக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1934இல் நார்வே நாட்டுத் தாயொருத்தி, மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவர் அஸ்பியோர்ன் போலிங்கிடம் சென்றாள். பிள்ளைகளிடம் வீசும் ஒருவித வாடையைப் பற்றிப் பல மருத்துவர்களிடம் கூறியும் ஒருவரும் விளக்கம் தராத நிலையில், அவள் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. போலிங் அக்குழந்தைகளின் சிறுநீரை ஆராய்ந்து, உணவிலுள்ள புரதக் கூறு ஒன்றைச் சிதைக்க இயலாத பிறவிக் குறை அது எனக் கண்டார். பினைல்கீட்டோனூரியா என்பது அதன் பெயர். முழுக்க முழுக்க மரபணுக் குறை. ஆயினும் 1950களில் அதற்குரிய உணவு முறை கண்டறியப்பட்டது. பிறந்த சில நாட்களிலேயே குறையைக் கண்டறிந்து அந்தக் கூறு குறைந்த உணவைத் தொடர்ந்து ஊட்டினால், குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது. மரபணு மாறவில்லை, ஊட்டும் கை மாறியது.

நடத்தைக்கு இத்துணை எளிய கணக்குக் கிடையாது என்பதையும் கூறிவிட வேண்டும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வினின்று, குறிப்பிட்ட ஒரு மரபணுவின் ஒரு வகையைக் கொண்ட ஆண்பிள்ளைகள், சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானால் மட்டும் வன்முறையாளராகும் வாய்ப்பு மிகுதி என 2002இல் அறிவித்தனர். செய்தித்தாள்கள் அதற்குப் 'போர்வீர மரபணு' எனப் பெயரிட்டுக் கொண்டாடின. பின்னர்ப் பலர் செய்த மறு ஆய்வுகளில் சில ஒத்தன, சில ஒவ்வாமற் போயின. ஒரு குணத்துக்கு ஒரு மரபணு என்னும் பேச்சு இன்று அறிஞரிடையே மதிப்பிழந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கடுகளவு பங்காற்றுகின்றன. எனவே, இரத்தத்தைப் பரிசோதித்துப் பிள்ளையின் குணத்தைச் சொல்கிறோம் என எவரேனும் விளம்பரம் செய்தால், பெற்றோர் தம் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்வது நன்று.

'எந்த இரத்தமோ' என்னும் தடைக்கு வருவோம். ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்த சட்டத்தாலும் வறுமையாலும் கைவிடப்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் நிரம்பினர். 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோதுதான் அவ்விடுதிகளின் நிலையை உலகம் கண்டது. உணவு உண்டு, தொட்டில் உண்டு; தூக்குவோர் இல்லை. ஒரு பணிப்பெண்ணுக்குப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்களும் முறைவைத்து மாறுவோர். அழுதால் எவரும் வரமாட்டார்கள் என அறிந்துகொண்டமையால் குழந்தைகள் அழுவதையே விட்டுவிட்டனர் என அங்குச் சென்றோர் எழுதியுள்ளனர். 2000ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்க அறிஞர் மூவர் தலைநகர் புகாரெஸ்ட்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 6 முதல் 31 திங்கள் வரை வயதுடைய 136 குழந்தைகளுள் சரிபாதியைக் குலுக்கல் முறையில் தெரிந்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். குடும்பம் புகுந்த குழந்தைகள் அறிவுத்திறனிலும் ஒருவரை நம்பிப் பற்றும் பாசத்திலும் விடுதிப் பிள்ளைகளை விஞ்சினர். குறிப்பாக இரண்டு வயதுக்கு முன் சென்றோர் மிகவும் தேறினர். நான்கரை வயதில் சோதித்தபோது அவர்களிடம் அச்சமும் ஏக்கமும் குறைந்திருந்தன. ஆனால் அடங்காமை, கவனச் சிதறல் ஆகியவற்றில் இரு சாராரிடையே அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. வளர்ப்பு எல்லாவற்றையும் செய்துவிடாது. செய்யக்கூடியதைக் காலத்தில் செய்தால் மட்டுமே செய்யும்.

நம் மார்க்கம் இவ்விடத்தில் காட்டும் நெறி நம்மை வியக்க வைக்கிறது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. அநாதையைப் பொறுப்பேற்றுப் பேணுவோர்க்கோ மிக உயர்ந்த நன்மாராயம் கூறப்பட்டுள்ளது. குழந்தையின் வித்தை மறைக்காமலே வளர்ப்பை முழுமையாக வழங்கும் ஏற்பாடு அது. உலகுக்கு வழிகாட்டிய நாயகம் (ஸல்) அவர்களே தந்தையைக் காணாது பிறந்து, அலிமா அம்மையாரிடம் பாலுண்டு, ஆறு வயதில் அன்னையையும் இழந்து, பாட்டனாரிடமும் பின்னர்ப் பெரிய தந்தையாரிடமும் வளர்ந்தவர்கள். அலிமா பாலூட்டிய நிகழ்ச்சியை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமாகவே பாடிவைத்தார்.

யதீம்கானாக்களை நிறுவி நடத்துவதில் நம் சமுதாயம் பின்தங்கியதன்று. கட்டடத்துக்குப் பொருள் கேட்டால் கிடைக்கிறது. நோன்பு மாதத்தில் உணவும் துணியும் குவிகின்றன. நிருவாகப் பெருமக்களிடம் நாம் பணிவுடன் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ஒரு குழந்தை இரவில் விழித்து அழுதால், பெயர் சொல்லி அதனை அழைத்துத் தூக்குபவர் யார்? நேற்றுத் தூக்கியவர்தாமா இன்றும்?

நாம் வெள்ளி மாலைகளில் தமிழ் சொல்லித்தரச் செல்லும் இல்லமொன்றில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். எவர் தொட்டாலும் கடிப்பான் எனப் பெயரெடுத்தவன். அவன் குடும்பத்தைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கதை உலவுகிறது. சமையற்கட்டில் உதவியாக இருக்கும் முதியவர் ஒருவர் மட்டும் அவனைத் தொடுவதில்லை. 'வாப்பா, இந்தக் கறிவேப்பிலையை ஆஞ்சு தா' என்று ஒரு கொத்தை நீட்டுவார். அவன் கடிப்பதில்லை. அவர் அருகே அமர்ந்து ஒவ்வோர் இலையாக ஆய்ந்துகொண்டிருப்பான். சில வேளைகளில் அவனாகவே நகர்ந்து அவர் மடியில் சாய்ந்துகொள்வான். அந்த அம்மாளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அன்றைய தினம் அவன் காலையுணவு உண்பதில்லை எனக் காப்பாளர் கூறினார். இல்லத்துப் பதிவேட்டில் அவருடைய பணி 'சமையல் உதவி' என்றே எழுதப்பட்டிருக்கிறது.